பெரிய வெள்ளியன்று கொதிக்காத கேத்தல்

"மம்மி தேத்தண்ணி வைத்துவிட்டார். எல்லாம் சரி."

என் கைபேசியில் நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கும் செய்தி இது. வந்த நாள் இந்த வருடத்துப் பெரிய வெள்ளி. நேரம், வழக்கம்போலக் காலை எட்டு மணி. அனுப்பியது ஆள் அல்ல. கொட்டாஞ்சேனையில் என் அக்காவின் வீட்டு அலுமாரிக்கு மேல் இருக்கும், சவர்க்காரப் பெட்டி அளவான ஒரு கருவி.

கொழும்பின் மறுகோடியில், வெள்ளவத்தையில் என் குசினியில் நின்றுகொண்டு அதை வாசித்தேன். வாசித்துவிட்டு முகம் கழுவப் போனேன். முகத்தில் தண்ணீர் பட்ட பிறகுதான் உறைத்தது: அக்கா பெரிய வெள்ளியன்று தேத்தண்ணி வைப்பதில்லை.

எங்கள் வீட்டில் அது சின்ன வயதிலிருந்தே உள்ள ஒழுங்கு. பின்னேரம் கோயிலில் சிலுவை முத்தி செய்து வீட்டுக்கு வரும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. வந்த பிறகு கஞ்சி. அதுவரை பச்சைத் தண்ணீர் மட்டும். எனக்கு இந்த ஒழுங்கு எப்போதோ கழன்றுவிட்டது. அக்காவுக்கு இல்லை. பிரஷர் குளிசையைக் கூட அன்றைக்குப் பச்சைத் தண்ணீரோடுதான் விழுங்குவாள். வைத்தியர் வேண்டாமென்று சொன்னபோது, "டொக்டருக்கு அண்டைக்கு லீவுதானே" என்றாள்.

ஆகவே அந்தச் செய்தி உண்மையாக இருக்க முடியாது.

அது ஏன் வருகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அக்கா என்னைவிடப் பல வருடம் மூத்தவள். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டச்சாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் இறந்த பிறகு கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் அந்தச் சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒரே மகள், எனக்கு மருமகள், ரொறொன்ரோவில். போன வருடம் மருமகள் விடுமுறையில் வந்தபோது, மம்மி இனித் தனியாக இருக்க முடியாது என்று கதையைத் தொடங்கினாள். இரண்டு வழிகள் சொன்னாள். ஒன்று, வத்தளையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லம். மற்றது, என்னுடைய மாடி வீடு.

"வத்தளைக்குப் போறதெண்டா நான் பெட்டிக்குள்ளதான் போவன்" என்றாள் அக்கா. என்னைப் பார்த்து, "உன்ட வீட்டு லிப்ட் ஒரு கிழமை ஒழுங்கா வேலை செய்யட்டும், பிறகு யோசிக்கிறன்."

கமரா பூட்டலாம் என்றாள் மருமகள்.

"பூட்டு. நான் காலமையும் பின்னேரமும் அதுக்கு முன்னால நிண்டு செபமாலை சொல்லுவன். நீயும் உன்ட புருசனும் முழந்தாளில நிண்டு மறுமொழி சொல்லோணும்."

கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. அக்கா எழும்பியதும் முதலில் செய்வது மின்சாரக் கேத்தலில் தண்ணீர் வைப்பது. கேத்தலின் வயரை, ஓடும் மின்சாரத்தை அளக்கும் ஒரு பிளக்கில் செருகுவது. பிளக் அந்த அளவைக் கருவிக்குச் சொல்லும். கருவி காலை எட்டு மணிக்கு எங்கள் மூவரின் கைபேசிக் குழுவுக்கும் செய்தி அனுப்பும். கேத்தல் கொதித்திருந்தால் எல்லாம் சரி என்று, இல்லாவிட்டால் போய்ப் பாருங்கள் என்று. போய்ப் பார்க்க வேண்டிய நிலை ஒருமுறை வந்தாலும் அடுத்தது வத்தளைதான் என்றாள் மருமகள். அக்கா சம்மதித்தாள். அன்றிலிருந்து அவள் தன் வீட்டில் இருப்பது அந்த எட்டு மணி வரியில் தொங்கியது.

கருவிக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நான் தொழில்முறை ஆள் இல்லை. கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் ஒருகொடவத்தைக் கொள்கலன் தளங்களுக்குரிய பத்திரங்களைப் பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு, சிலர் ஓர்க்கிட் வளர்ப்பதுபோல, நிரல் எழுதப் பழகினேன். இந்தக் கருவியின் உள்மென்பொருள் ஒரு மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. அதற்குள்ளே, வீட்டுக்காரர்கள் தங்கள் விதிகளை எழுதிக்கொள்வதற்காக, இன்னொரு சின்ன மொழியைக் குடியிருத்தியிருக்கிறார்கள். பெரிய மொழி பிளக்கோடு கதைக்கும். கேட்ட அளவைச் சின்ன மொழியிடம் கொடுக்கும். சின்ன மொழி என் விதியைப் பார்த்து முடிவு சொல்லும். விதியைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: விடியலிலிருந்து எட்டு மணிவரை வந்த மிகக் கூடிய அளவை எடு; அளவு உண்டென்றால் நல்ல செய்தியை அனுப்பு; இல்லையென்றால் கெட்ட செய்தியை அனுப்பு.

மருமகள் புறப்படுவதற்கு முன் அதைச் சோதித்தும் பார்த்தோம். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றினேன். விதியை ஓடவிட்டேன். "போய்ப் பாருங்கள்" என்று மூன்று கைபேசிகளும் ஒன்றாக அலறின. திரும்பப் பூட்டிக் கேத்தலைக் கொதிக்க வைத்தோம். "எல்லாம் சரி" என்று வந்தது. கொதித்த தண்ணீரில் மூவரும் தேத்தண்ணி குடித்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்கு அது தவறாமல் வந்தது. நானும் ஒவ்வொரு நாளும் நாட்குறிப்பில் ஒரு சரி அடையாளம் போட்டு வந்தேன்.

பெரிய வெள்ளிக்குத் திரும்புகிறேன். அக்காவின் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அதில் அதிசயம் இல்லை, அன்றைக்கு அவள் கைபேசியைத் தொடுவதில்லை. காலி வீதியில் ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்தேன். விடுமுறை நாள் என்பதால் வீதி வெறிச்சென்று கிடந்தது. போகும் வழியில் என்னவெல்லாம் நடந்திருக்கலாம் என்று ஒழுங்காக அடுக்கிப் பார்த்தேன். அக்காவுக்கு நாள் மறந்துபோய்க் கேத்தலை வைத்திருக்கலாம். அப்படியென்றால் அது வேறொரு வருத்தத்தின் தொடக்கம். அல்லது வீட்டுக்குள் வேறு யாராவது இருக்கலாம். நான் எழுதியது பிழையாக இருக்கலாம் என்ற எண்ணம் கோட்டையைத் தாண்டித் துறைமுகச் சுவரோடு போகும்போதுதான் வந்தது.

வீடு வெளியே பூட்டியிருந்தது. எதிர்வீட்டுச் சிங்களப் பெண் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அக்கா இருட்டோடு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனதைக் கண்டதாகச் சிங்களத்தில் சொன்னாள். சிலுவைப் பாதைக்குத்தான். எனக்குக் கதிரை ஒன்று எடுத்துப் போட்டாள். நான் அதில் இருந்து பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வர வெயில் ஏறிவிட்டது. என்னைக் கண்டதும் நடையைக் குறைத்தாள்.

"என்ன தம்பி, ஆரும் செத்திட்டினமா?"

"இல்லை. நீ தேத்தண்ணி வைச்சனியா?"

"உனக்கு என்ன பிடிச்சது? இண்டைக்கு என்ன நாள் எண்டு உனக்கும் பிள்ளைக்கும் தெரியும்தானே?"

உள்ளே போய்க் கேத்தலைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து கிடந்தது. மூடியைத் திறந்தேன், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. என் மடிக்கணினியை அவளுடைய சாப்பாட்டு மேசையில் விரித்துக் கருவியின் அன்றைய பதிவைப் பார்த்தேன். காலையில் வந்த மிகக் கூடிய அளவு: பூச்சியம். அதற்குக் கீழே: நல்ல செய்தி அனுப்பப்பட்டது.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் முதலில் பழகிய மொழியில், அளவு உண்டா என்று கேட்டுப் பூச்சியத்தைக் கொடுத்தால் இல்லை என்று எடுத்துக்கொள்ளும். இந்தச் சின்ன மொழி அப்படி இல்லை. அதற்குப் பூச்சியமும் ஒரு பொருள். கையில் ஒன்று வந்து சேர்ந்துவிட்டது, ஆகவே உண்டு. ஒன்றுமே வந்து சேராவிட்டால் மட்டும்தான் அது இல்லை என்று சொல்லும். நான் சோதித்த அன்று பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றிவிட்டேன். அளக்கிற சாமானே போய்விட்டதால் கருவியிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. கெட்ட செய்தி சரியாக வந்தது. ஆனால் பிளக் சுவரில் இருந்து, கேத்தல் மட்டும் சும்மா இருக்கிற காலையில், பிளக் ஒழுங்காகப் பூச்சியம் என்று அறிக்கை கொடுக்கும். என் விதி அதை வாங்கி, எல்லாம் சரி என்று எழுதும்.

இதை அக்காவுக்கு அவளுடைய அலுவலகத்தை வைத்துச் சொன்னேன். கடிதம் அனுப்பிப் பதிலே வராதது ஒன்று. ஒன்றுமில்லை என்று எழுதிய பதில் வருவது இன்னொன்று. நான் தபால் வந்ததா என்று மட்டும் பார்த்தேன், உறையைப் பிரிக்கவில்லை.

"அப்ப கேத்தல் வைக்காட்டியும் எல்லாம் சரி எண்டுதான் போகுமோ?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"முதல் நாளில இருந்து."

அவள் தலையில் போட்டிருந்த வெள்ளை நெட் முக்காட்டை எடுத்து, மடித்து, மடித்ததைத் திரும்ப விரித்து மடித்தாள்.

"அப்ப அண்டைக்கு நீ அனுப்பேல்ல."

"எண்டைக்கு?"

"நான் விழுந்த அண்டைக்கு."

எனக்குத் தெரியாது என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, யாரோ ஒரு கட்சிக்காரரின் வாக்குமூலத்தைத் தட்டச்சுச் செய்யும் குரலில் சொன்னாள். தவக்காலத்தில் ஒரு காலை. கேத்தல் வைப்பதற்கு முன், பின்பக்கம் குளியலறைக்குப் போகும் இடத்தில், ஈரச் சீமெந்தில் கால் வழுக்கியது. இடுப்பு அடிபட்டு எழும்ப முடியவில்லை. கைபேசி கட்டிலில் கிடந்தது. எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. அப்படியே கிடந்தாள். எட்டு மணிக்குக் கட்டிலில் கைபேசி ஒருமுறை சத்தம் போட்டது.

"சரி, முடிஞ்சுது எண்டு நினைச்சன். பிள்ளைக்குத் தெரிஞ்சிட்டுது, இனி வத்தளை. அதைவிட, நீ வருவாய், தூக்கிவிடுவாய் எண்டு நினைச்சன். நீ வரேல்ல."

"பிறகு?"

"பிறகு என்ன. வோஷிங் மெஷினைப் பிடிச்சுக்கொண்டு ஒருமாதிரி எழும்பினனான். மத்தியானம் ஆகியிருக்கும். போனை எடுத்துப் பாத்தா, எல்லாம் சரி எண்டு கிடக்குது." முக்காட்டை மேசையில் வைத்தாள். "நீதான் எனக்காகக் கையால மாத்தி அனுப்பினாய் எண்டு நினைச்சன். பிள்ளைக்குப் போகாமல் மறிச்சுப்போட்டாய் எண்டு."

"தெரிஞ்சால் வராமல் இருப்பனா அக்கா?"

"அதையும்தான் யோசிச்சன். நித்திரையாக்கும், இல்லாட்டிப் பூசைக்குப் போட்டாளாக்கும் எண்டு நீ நினைச்சிருப்பாய், அதுக்காக என்னை வத்தளைக்கு அனுப்பக் கூடாது எண்டு ஒரு பொய் சொல்லியிருப்பாய் எண்டு பிடிச்சன். கேட்டால் உனக்கு வெக்கமாயிருக்கும் எண்டு கேக்கேல்ல. அந்த ஞாயிறு உனக்கு நண்டுக் குழம்பு காய்ச்சினேனே, ஏனெண்டு நினைச்சாய்?"

எனக்கு நினைவிருந்தது. அவள் இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்ததும் நினைவிருந்தது. வயது என்று நினைத்துக்கொண்டேன். நண்டின் பெரிய காலெல்லாம் என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாள். நான் காரணம் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. செய்யாத ஓர் உதவிக்காக அந்த மத்தியானம் முழுவதும் எனக்கு நன்றி சொல்லப்பட்டிருக்கிறது. நான் விரல் சூப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பிள்ளைக்கு இதைச் சொல்லாதே" என்றாள் அக்கா.

"மெஷின் பிழையையா, நீ விழுந்ததையா?"

"ரெண்டையும். முதல்ல மெஷினைச் சரிப்பண்ணு. சரியான மெஷின் ஒண்டு இருக்கேக்க ஆறுதலாச் சொல்லலாம்."

நான் மடிக்கணினியை மூடினேன். பின்னேரம் அவளோடு கோயிலுக்குப் போய், வந்து கஞ்சி குடித்துவிட்டு, வெள்ளவத்தைக்குத் திரும்பினேன்.

சனிக்கிழமை விதியைத் திருத்தினேன். அளவு உண்டா என்று கேட்பதற்குப் பதிலாக, அளவு பூச்சியத்தைவிடக் கூடவா என்று கேட்கும்படி மாற்றினேன். இந்த முறை கவனமாகச் சோதித்தேன். பூச்சியத்தைக் கொடுத்தேன், கெட்ட செய்திக்குப் போனது. கேத்தல் கொதிக்கும்போது வரும் அளவைக் கொடுத்தேன், நல்ல செய்திக்குப் போனது. வீட்டிலிருந்தபடியே அதைக் கருவிக்கு ஏற்றிவிட்டுப் படுத்தேன். இனி வருவது உண்மையான செய்தி என்ற நிம்மதி இருந்தது.

உயிர்த்த ஞாயிறு காலை எட்டு மணிக்குச் செய்தி வரவில்லை. நல்லதும் வரவில்லை, கெட்டதும் வரவில்லை. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலோரம் நின்றேன். கடற்பக்கம் ஒரு ரயில் போனது. அது போய் முடிவதற்குள் மருமகள் அழைத்தாள். அங்கே சனிக்கிழமை இரவு. அவள் எட்டு மணிச் செய்தியைப் பார்க்காமல் படுப்பதில்லை என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"மாமா, மெசேஜ் வரேல்ல. மம்மி போன் எடுக்கிறாவும் இல்லை."

"பூசைக்குப் போயிருப்பா பிள்ளை. போனைச் சத்தமில்லாமல் வைச்சிருப்பா."

"எந்தக் கோயில்? பிரச்சினை ஒண்டும் இல்லையே அங்க? நியூஸில ஒண்டும் இல்லையே?"

அந்த வருடம் கோயில்களில் குண்டு வெடித்த பிறகு, கொழும்பில் உயிர்த்த ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போன ஒருவர் கைபேசியை எடுக்காவிட்டால், தூரத்தில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. இங்கே இருக்கும் நானும் அதைத்தான் நினைத்தேன். எதிர்வீட்டுப் பெண்ணின் கைபேசி இலக்கம் எங்கள் இருவரிடமும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருடமாக அந்த ஒழுங்கைக்குள் போய்வருகிறோம்.

மருமகள் இணைப்பை வெட்டவில்லை. இருவரும் காத்திருந்தோம். அவளுடைய வீட்டில் ஹீட்டர் இரைவது கேட்டது. அப்போதுதான் சொன்னேன். மெஷினில் பிழை இருந்தது, நேற்றுத் திருத்தினேன், திருத்தியதிலும் பிழை போல, அதனால்தான் இன்றைக்குச் செய்தி இல்லை.

"இருந்த பிழை எண்டா என்ன மாமா?"

"மம்மி கேத்தல் வைச்சாலும் வைக்காட்டியும் எல்லாம் சரி எண்டுதான் வந்தது."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

அவள் பதில் சொல்வதற்கு முன் அக்காவின் அழைப்பு வந்தது. "ஆர் இது, பூசை முடியிறதுக்குள்ள இத்தனை தரம் எடுக்கிறது? பையுக்குள்ள கிடந்து துடிக்குது. பக்கத்தில நிண்ட மனுசி என்னைப் பாவியைப் பாக்கிற மாதிரிப் பாக்குது."

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சாப்பிடுவதற்கு முன் கருவியைத் திறந்தேன். எட்டு மணிப் பதிவில் ஒரே வரிதான் இருந்தது: எண்ணையும் எழுத்தையும் ஒப்பிட முடியாது. அதோடு விதி நின்றுவிட்டது. செய்தி அனுப்பும் இடத்துக்கே அது போகவில்லை.

நான் வீட்டில் சோதித்தபோது கையால் கொடுத்த பூச்சியம் ஓர் எண். பெரிய மொழி சின்ன மொழியிடம் கொடுத்த பூச்சியம், பார்வைக்கு அதே வட்டம்தான், ஆனால் எழுத்தாக வந்தது. வீட்டு இலக்கத்தைப்போல. வீட்டு இலக்கத்தைப் பார்த்து எது கூட, எது குறைய என்று யாரும் கேட்பதில்லை. சின்ன மொழி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தது சரிதான். இரண்டு முறையும் நான் ஒரே இடத்தில்தான் தவறியிருந்தேன். ஒவ்வொரு மொழியையும் தனித்தனியாகப் பார்த்தேன். ஒன்றின் கையிலிருந்து மற்றதன் கைக்குப் பொருள் மாறும் அந்த வாசற்படியைப் பார்க்கவில்லை. நாள் முழுக்க வாசற்படிகளில் மொழி மாற்றிக்கொண்டே பிழைக்கிற ஊரில் இருந்துகொண்டு எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். கடையில் சிங்களம், கந்தோரில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். சொல் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தவுடன் திருப்திப்பட்டுவிடுகிறோம். அது அந்தப் பக்கத்தில் என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மருமகள் வீடியோவில் வந்தாள். அங்கே இன்னும் விடியவில்லை. நித்திரை கொள்ளாத முகம். நான் மெஷினைப் பற்றி மட்டும் முழுதாகத் திரும்பச் சொன்னேன். மற்றது அக்காவுடைய விசயம். அதை நான் சொல்லப் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். சொல்லி முடித்து அக்காவைப் பார்க்காமல் கேத்தலைப் பார்த்தேன்.

அக்கா மேசை விரிப்பின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

"நான் ஒருநாள் விழுந்தனான் மகள்" என்றாள்.

மருமகள் முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள். முடிந்ததும், "சொல்லேல்லையே மம்மி" என்றாள்.

"நீ கேக்கேல்லையே."

"மம்மி, மெஷின் தெரியாமப் பொய் சொல்லிச்சு. நீங்கள் தெரிஞ்சுகொண்டு."

"நான் ஒரு பொய்யும் சொல்லேல்ல. எல்லாம் சரி எண்ட செய்தி நிண்டா வத்தளை எண்டுதான் கதை. செய்தி நிக்கேல்லையே. ஒரு நாளும் தவறாமல் வந்தது. நான் பேச்சு மாறேல்ல."

"புதுக்கடை வழக்கை என்னோட பேசாதேங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மருமகள் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. திரைக்குக் கிட்ட வந்து சொன்னாள். "கமரா வேண்டாம். சரி. வத்தளையும் இப்ப வேண்டாம். ஆனா வாசல் பூட்டின்ர திறப்பு ஒண்டு எதிர்வீட்டில குடுங்கோ. அவவின்ர நம்பரை எனக்கு அனுப்புங்கோ. அது ஏலாதெண்டா நான் ஆகஸ்ட்டில வந்து கையோட கூட்டிக்கொண்டு போறன்."

எங்கள் குடும்பத்தில் வீட்டுத் திறப்பை வெளியே கொடுக்கும் வழக்கம் இல்லை. அதற்கான காரணத்தை நாங்கள் வீட்டுக்குள்ளேயும் கதைப்பதில்லை. மருமகள் எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு பிறந்தவள். ஆனால் அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

"வேற ஆரிட்டையாவது குடுக்கலாம்" என்றாள் அக்கா.

"ஆரிட்ட? விழுந்தா ஓடி வாற தூரத்தில வேற ஆர் இருக்கினம் மம்மி?"

அன்று பின்னேரம் அக்கா மேலதிகத் திறப்பை அலுமாரியிலிருந்து எடுத்தாள். என்னை வரவேண்டாம் என்றாள். நான் வாசலுக்குள் நின்று பார்த்தேன். ஒழுங்கையைக் கடக்க அவளுக்கு அதிக நேரம் எடுத்தது, இடுப்பு மட்டும் அதற்குக் காரணம் அல்ல. இருவரும் சிங்களத்தில் ஏதோ கதைத்தார்கள். எதிர்வீட்டுப் பெண் திறப்பை வாங்கி, உள்ளே போய், தன் மணிக்கூட்டுக்குக் கீழே ஆணியில் கொளுவினாள். கதவு திறந்திருந்ததால் இங்கிருந்தே தெரிந்தது. திரும்பி வந்த அக்கா, "நல்ல இடத்திலதான் கொளுவியிருக்கிறா, இங்க இருந்து பாத்தா தெரியுது" என்றாள்.

விதியை இப்போது வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். பெரிய மொழி எதைக் கொடுத்தாலும் வாசலிலேயே அதை எண்ணாக மாற்று, மாற்ற முடியாவிட்டால் உடனே கெட்ட செய்தியை அனுப்பு, பிறகுதான் கூடவா குறையவா என்று கேள். சோதனையை அக்காவின் குசினியில் வைத்தே செய்தேன். பிளக் கழன்றபடி, பிளக் பூட்டியபடி கேத்தல் குளிர்ந்தபடி, கேத்தல் கொதித்தபடி. மூன்றுக்கும் சரியாக வந்தது. குளியலறைப் பக்கத்துச் சுவரில் கைபிடி பூட்டியாகிவிட்டது. ஈரச் சீமெந்தில் ஒரு சொரசொரப்பான பாயும் போட்டிருக்கிறாள். அக்கா கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறாள்.

உயிர்த்த ஞாயிறன்று வீடியோவை நிறுத்துவதற்கு முன் மருமகள் இன்னொன்று கேட்டாள். மம்மி விழுந்தது எந்த நாள்? எதற்கு என்று அக்கா கேட்டாள். "நான் அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தனான் எண்டு எனக்குத் தெரியோணும்" என்றாள். நான் கண்டுபிடித்துச் சொல்வதாக ஏற்றுக்கொண்டேன். நாள்களைக் குறித்து வைப்பவன் என்று குடும்பத்தில் எனக்குப் பெயர்.

ஆனால் இதற்கு என் குறிப்புகள் உதவவில்லை. தவக்காலம் முழுவதும் எல்லாக் காலைக்கும் ஒரே அடையாளம்தான் இருக்கிறது. விழுந்த காலைக்கும் அதேதான். கருவியும் பழைய அளவுகளை வைத்திருப்பதில்லை. சில கிழமைகள் போனதும் அழித்துவிடுகிறது, அந்தக் கிழமையின் பதிவும் போய்விட்டது. கிடைத்த ஒரே பிடி நண்டுக் குழம்பு. அது தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு என்று நாட்குறிப்பில் இருக்கிறது. ஆகவே விழுந்தது அதற்கு முந்திய ஏழு நாளுக்குள். தரையில் கிடக்கும்போது குப்பை லொறியின் சத்தம் கேட்டது என்கிறாள் அக்கா. அந்த ஒழுங்கைக்கு லொறி செவ்வாய்க்கிழமை வரும். சில கிழமைகளில் பிந்திப் புதனும் வரும். எதிர்வீட்டுப் பெண் அந்தக் கிழமையில் ஒருநாள் தங்கை வீட்டில் பிக்குகளுக்குக் கொடுத்த தானத்துக்குப் போனதாகச் சொல்கிறாள். அதனால்தான் கூப்பிட்டது கேட்கவில்லை. எந்த நாள் என்று அவளுக்கும் நினைவில்லை. தங்கையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

மருமகளுக்குச் செவ்வாய் என்று எழுதியிருக்கிறேன், புதனாகவும் இருக்கலாம் என்று அதன் கீழேயே சேர்த்து. இதை எழுதும்வரை அது உறுதிப்படுத்தப்படவில்லை.